வேட்டை நாய்க்குட்டியின் ஐந்தாம் விரல்: எடுப்பதா, விடுவதா?

ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயிண்டர் என்ற வேட்டை நாய் ஒரு ஈற்றில் எட்டு, பத்து குட்டிகள்கூடப் போடும். அமெரிக்காவில் இந்த இனத்தை வளர்ப்பவர்கள் பலர், குட்டிகள் பிறந்த மூன்றாம் நாள் வாக்கில் அவற்றை ஒரு கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோவார்கள். அங்கே வாலில் ஒரு பகுதி நறுக்கப்படும். அதே கையோடு, முன்னங்கால்களின் உட்புறத்தில் மற்ற விரல்களுக்குச் சற்று மேலே தனியாக நிற்கும் சிறு விரலும் நகத்தோடு எடுக்கப்படும். அந்த விரலைத்தான் டியூ க்ளா என்கிறார்கள். நம் கையில் கட்டைவிரல் எதுவோ, நாயின் காலில் அது இதுதான்.

எடுப்பதற்குச் சில நிமிடங்கள் போதும். ஆனால் எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. அந்த நாய் பத்துப் பன்னிரண்டு வருடம் அந்தக் காலோடுதான் ஓட வேண்டும். அதனால் இதை வழக்கம் என்று செய்யாமல், யோசித்துச் செய்ய வேண்டிய காரியமாகவே நான் பார்க்கிறேன்.

முதலில் ஒரு நடைமுறைச் சிக்கல். குட்டியை வாங்குபவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோவது எட்டு வாரம் ஆன பிறகு. விரலை எளிதாக எடுக்கக்கூடிய காலமோ பிறந்த ஐந்து நாளுக்குள் முடிந்துவிடும். ஆக, நாயோடு வாழப்போகிறவர் முடிவெடுப்பதில்லை. வளர்ப்பவர் எடுக்கிறார். அதுவும் ஒவ்வொரு குட்டிக்கும் தனித்தனியாக இல்லை, மொத்த ஈற்றுக்கும் ஒரே முடிவு. அவற்றில் ஒரு குட்டி முள்காட்டுக்குப் போகலாம், இன்னொன்று நகரத்து அடுக்ககத்தில் சோபாவில் படுத்துக் காலம் கழிக்கலாம். மூன்றாம் நாளில் அது யாருக்கும் தெரியாது. குட்டிக்கு முன்பதிவு செய்கிறவர்கள் இதைப் பற்றித் தாய்நாய் சினையாக இருக்கும்போதே பேசிவிட வேண்டும். குட்டியைப் பார்க்கப் போகும் நாளில் கேட்டால் காலம் கடந்திருக்கும்.

இப்போது அந்த விரலின் அமைப்பைப் பார்ப்போம். இந்தப் பேச்சில் பாதிக் குழப்பம், முன்னங்கால் விரலையும் பின்னங்கால் விரலையும் ஒன்றாக எண்ணுவதால் வருகிறது. இரண்டும் ஒன்றல்ல.

முன்னங்காலில் இருப்பது முழுமையான விரல். அதற்கு எலும்பு உண்டு, மூட்டு உண்டு. தசைகளிலிருந்து வரும் தசைநாண்கள் அதில் வந்து பிணைகின்றன. இரத்தக் குழாயும் நரம்பும் ஓடுகின்றன. நகத்துக்கு அடியில் ஒரு சிறு மெத்தைகூட இருக்கும். பெரும்பாலும் எல்லா நாய்களும் இதோடுதான் பிறக்கின்றன. பயன் இல்லாத மிச்சசொச்சம் என்று இதைத் தள்ளிவிடுபவர்கள், நாய் ஓர் எலும்புத் துண்டைக் கடிப்பதை ஒருமுறை அருகிலிருந்து பார்க்க வேண்டும். இரண்டு முன்னங்கால்களுக்கும் நடுவே எலும்பு நழுவாமல் இருக்க, அந்த விரல்களை உட்பக்கமாக அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும்.

பின்னங்காலில் பெரும்பாலான நாய்களுக்கு இந்த விரலே இருக்காது. இருந்தாலும் பல நாய்களில் அது எலும்போடு சேராமல் வெறும் தோலில் தொங்கிக்கொண்டிருக்கும். விரலால் தட்டினால் ஆடும். நகம் மட்டும் நன்றாகவே வளரும். இப்படித் தொங்குவது புதரில், கம்பி வேலியில், ஏன் தரைவிரிப்பின் நூலில்கூட மாட்டிக் கிழிய வாய்ப்பு அதிகம்.

விதிவிலக்குகள் உண்டு. பிரான்ஸிலிருந்து வந்த பிரியார்டு, போஸரான் என்ற மேய்ப்பு நாய்களுக்கும், பிரனீஸ் மலையில் ஆடுகளைக் காவல்காக்கும் பெரிய வெள்ளை நாய்க்கும் பின்னங்காலில் இரட்டை டியூ க்ளா இருக்க வேண்டும் என்றே, ஒவ்வொரு இனமும் எப்படி இருக்க வேண்டும் என்று வகுத்த இனத் தரவிதிகள் சொல்கின்றன. அவற்றில் பெரும்பாலும் எலும்பு உண்டு. வேட்டை நாய்களிலேயே இன்னும் வியப்பான ஒன்று நார்வே நாட்டு லுண்டஹுண்டு. ஒவ்வொரு காலிலும் ஆறு விரல் கொண்டது. லோஃபோட்டன் தீவுகளில், கடலோரப் பாறைச் சரிவுகளில் ஏறி, பாறை இடுக்குகளுக்குள் புகுந்து பஃபின் பறவைகளைப் பிடித்துவர அந்த மக்கள் இதை வளர்த்தார்கள். விரல் கூடுதலாக இருந்தது அங்கே தொல்லையாக இல்லை, பிழைப்பாக இருந்தது.

முன்னங்கால் விரலுக்கு உண்மையில் வேலை இருக்கிறதா என்பதுதான் மையக் கேள்வி. நாய் நிற்கும்போதும் நடக்கும்போதும் அது தரையைத் தொடுவதில்லை. அதை மட்டும் பார்த்தவர்கள் வேலை இல்லை என்று முடிவுகட்டிவிட்டார்கள். ஆனால் வேட்டை நாய் நடப்பதற்காகப் பிறந்ததல்ல. அது நாலுகால் பாய்ச்சலில் ஓடும்போது, ஒரு கணம் உடம்பின் முழுப் பாரமும் ஒற்றை முன்னங்காலில் விழுகிறது. அந்தக் கணத்தில் மணிக்கட்டு பின்பக்கமாக வளைந்து தரையை நோக்கித் தாழ்கிறது. டியூ க்ளா தரையைத் தொடுகிறது. அப்போது நாய் திரும்பினால், அந்த விரல் மண்ணில் ஊன்றி, கால் முறுக்கிக்கொள்ளாமல் தாங்குகிறது. ஈர மண்ணில் வேகமாக ஓடவிட்டுப் பிறகு நாயின் காலைத் தூக்கிப் பாருங்கள். அந்த விரலின் மெத்தையிலும் நகத்தின் அடியிலும் சேறு அப்பியிருக்கும்.

நாய்களின் விளையாட்டு மருத்துவத்தில் பெயர்பெற்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் கிறிஸ் ஸிங்க் இதை நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார். விரலை எடுத்துவிட்டால் அதோடு பிணைந்த தசைகள் வேலையின்றிச் சுருங்குகின்றன, முறுக்கைத் தடுக்க ஆள் இல்லாமல் மணிக்கட்டு எலும்புகளைப் பிணைக்கும் நார்கள் தளர்கின்றன, வயது ஏற ஏற மூட்டு தேய்கிறது என்பது அவர் வாதம். இது பெரும்பாலும் அவர் கையில் வந்த நாய்களைப் பார்த்து உருவான கருத்து. விரல் உள்ள நாய்களையும் இல்லாத நாய்களையும் இணையாக வைத்து வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்ந்து சொன்ன முடிவு அல்ல. ஆனாலும் உடற்கூற்றோடு பொருந்திவருகிறது.

இதற்குப் பக்கபலமாக 2018ல் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் ஓர் ஆய்வு வந்தது. அஜிலிட்டி என்ற தடைதாண்டும் போட்டிகளில் ஓடும் நாய்களின் உரிமையாளர்களிடம் கேள்வித்தாள் மூலம் விவரம் திரட்டி, விரல் காயங்கள் எந்த நாய்களுக்கு அதிகம் வருகின்றன என்று பார்த்தார்கள். முன்னங்கால் டியூ க்ளா இல்லாத நாய்களுக்கு மற்ற விரல்களில் காயம் வரும் வாய்ப்புக் கூடுதலாக இருந்தது. நகம் நீளமாக வைத்திருந்த நாய்களுக்கும் அப்படியே. இதைப் படிக்கும்போது இரண்டு விஷயங்களை மனதில் வைக்க வேண்டும். அவை போட்டித் திடலில் ஓடிய நாய்கள், முள்காட்டில் ஓடியவை அல்ல. உரிமையாளர்கள் சொன்னதை வைத்துச் செய்த ஆய்வு, காரணத்தை நிரூபிப்பதும் அல்ல. இருந்தாலும், விரலை எடுத்தால் காயம் குறையும் என்ற பழைய நம்பிக்கைக்கு இது எதிர்த்திசையில் நிற்கிறது. அதை ஒதுக்கிவிட முடியாது.

வேட்டைக்காரர்கள் தரப்பு நியாயத்தையும் முழுதாகச் சொல்லியாக வேண்டும். அவர்கள் கொடுமைக்காரர்கள் இல்லை. தங்கள் நாயை உயிராக நினைப்பவர்கள்தான் பெரும்பாலும்.

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் ஃபெசன்ட் பறவை வேட்டைக்காலம் அக்டோபரில் தொடங்குகிறது. இடுப்பளவு காய்ந்த புல், சோளத்தாள், கோரை மண்டிய சதுப்பு. நெவாடா, ஐடஹோ பக்கம் சக்கர் கௌதாரியைத் தேடிப் போகிறவர்களுக்கு உடைந்த பாறைச் சரிவும் முள்புதரும். குளிர் முற்றியதும் மேலே ஓடுபோல் இறுகிய பனியில் நாயின் கால் குத்தி உள்ளே இறங்கும். வெளியே இழுக்கும்போது அந்த ஓட்டின் விளிம்பு காலின் உட்பக்கத்தை அறுக்கும். இத்தனையும் டியூ க்ளா நகத்தைப் பிடித்திழுக்கக்கூடியவை. நகம் பாதி பிய்ந்து தொங்கினால் நாய்க்கு உயிர்போகும் வலி. அருகில் மருத்துவர் இருக்கமாட்டார். வண்டி நிற்கும் இடமே சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும். காயம் ஆற வாரக்கணக்கில் ஆகும், வேட்டைக்காலமோ சில மாதம்தான். இப்படி ஒருமுறை பட்டவர், அடுத்த ஈற்றில் மூன்றாம் நாளே எல்லாக் குட்டிக்கும் எடுத்துவிடத் துணிவதில் ஆச்சரியம் இல்லை.

பெரிய நாய்க்கு இதே விரலை எடுப்பதென்றால் அது முழு அறுவைச் சிகிச்சை. மயக்கம் கொடுக்க வேண்டும், மூட்டோடு பிரித்தெடுக்க வேண்டும், தையல், கட்டு, நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு, இரண்டு வாரம் ஓய்வு. செலவும் அதிகம். பிறந்த சில நாளில் எலும்பு இன்னும் குருத்தாக மென்மையாக இருப்பதால் எல்லாம் சுலபமாக முடிந்துவிடுகிறது. இன்று சிறிய வலி, நாளை பெரிய வலியைத் தடுக்கும் என்பது அவர்கள் கணக்கு.

இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருப்பதாக எனக்குப் படுகிறது. கிழிந்த நகங்களில் பெரும்பகுதி, வெட்டாமல் விட்ட நகங்கள். மற்ற நாலு விரல் நகங்களும் நடக்கும்போது தரையில் உரசித் தேய்கின்றன. டியூ க்ளா நகம் அப்படித் தேய வழியில்லை. விட்டால் கொக்கிபோல் வளைந்து, சில நாய்களில் வட்டமாகச் சுருண்டு மெத்தைக்குள்ளேயே குத்திவிடும். கொக்கியாக வளைந்த நகம் புல்லில் மாட்டத்தான் செய்யும். காலோடு ஒட்டிப் படிந்து, ஒட்ட வெட்டிய நகத்தோடு இருக்கும் விரல் மாட்டுவது அரிது. நகத்தைப் பராமரிக்காததற்கான தண்டனையை விரலுக்குக் கொடுப்பது எனக்கு நியாயமாகத் தெரியவில்லை. ஓடுவதையே தொழிலாகக் கொண்ட பந்தய கிரேஹவுண்டு நாய்களுக்கு முன்னங்கால் டியூ க்ளாவை வழக்கமாக விட்டே வைக்கிறார்கள் என்பதையும் இங்கே சேர்த்து யோசிக்கலாம்.

அடுத்தது வலி. பிறந்த குட்டிக்கு நரம்பு முழுதாக வளரவில்லை, வலி தெரியாது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டுவந்தது. மனிதக் குழந்தைகள் விஷயத்திலும் மருத்துவ உலகம் இதையே நம்பியது. 1980கள் வரை பச்சிளம் குழந்தைகளுக்குப் போதுமான வலிமருந்து இல்லாமலே அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. இன்று அந்த நம்பிக்கை தகர்ந்துவிட்டது. வலியை மூளைக்குக் கொண்டுசெல்லும் பாதைகள் பிறக்கும்போதே வேலை செய்கின்றன. வலியை மட்டுப்படுத்தும் பாதைகள்தான் பிந்தி வளர்கின்றன. அதனால் பச்சிளம் குட்டிக்கு வலி குறைவு என்பதைவிட, கூடுதலாக இருக்கலாம் என்று எண்ணவே இடமிருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1996ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மூன்று முதல் ஐந்து நாள் வயதுள்ள 50 குட்டிகளுக்கு மரப்பு மருந்து இல்லாமல் வால் நறுக்கப்பட்டதை நேரில் இருந்து குறித்துக்கொண்டார்கள். வால் வேறு, விரல் வேறுதான். ஆனால் வயதும் முறையும் ஒன்று. எல்லாக் குட்டிகளும் திமிறின, வீரிட்டன. பிறகு சில நிமிடங்களில் அடங்கிப்போயின. கடைசி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு, பார், உடனே மறந்துவிட்டது என்பவர்கள் உண்டு. ஓய்ந்து தூங்கிய குட்டிக்கு வலி இல்லை என்று அதிலிருந்து எப்படிச் சொல்ல முடியும்? வாலில் எலும்பும் தோலும் வெட்டப்படுவதுபோல் இங்கே ஒரு மூட்டு பிரிக்கப்படுகிறது. வீரிட்டதைத்தான் நான் சாட்சியாக எடுத்துக்கொள்கிறேன்.

எடுப்பது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வதும் முடிவெடுக்க உதவும். மருத்துவர் அந்த இடத்து முடியை நீக்கி, கிருமிநாசினியால் துடைத்து, விரலின் அடியை நுண்ணிடுக்கியால் பிடித்து, கத்தரியாலோ கத்தியாலோ மூட்டோடு எடுப்பார். இரத்தத்தை நிறுத்த மருந்து தொடுவார், அல்லது தோலை ஒரு தையலிலோ திசுப்பசையிலோ மூடுவார். அக்கறையுள்ள மருத்துவர் அதற்கு முன்பு மரப்பு மருந்து கொடுப்பார். கொடுப்பாரா என்று முன்கூட்டியே கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

தவறக்கூடிய இடங்கள் பல. நகம் முளைக்கும் அடிப்பகுதியைச் சற்றே விட்டுவிட்டால், அங்கிருந்து கோணல்மாணலாக ஒரு நகம் திரும்ப வளரும். விரலோடு இருப்பதைவிட அது மோசம். பிறந்த முதல் சில நாள்களில் குட்டியின் ஈரலுக்கு இரத்தம் உறையவைக்கும் பொருள்களைப் போதுமான அளவு உருவாக்கும் பக்குவம் வந்திருக்காது. அதனால்தான் பிறந்த அன்றே செய்யாமல் மூன்றாம் நாளுக்குத் தள்ளிவைக்கிறார்கள். இன்னொன்று குளிர். முதல் வாரத்தில் குட்டியால் நடுங்கி உடம்பைச் சூடேற்றிக்கொள்ள முடியாது. தாயைவிட்டுப் பிரித்து, காரில் கொண்டுபோய், ஈரப் பஞ்சால் துடைத்து, காத்திருக்க வைத்துத் திரும்பக் கொண்டுவருவதற்குள் உடம்பு சில்லிட்டுவிட்டால், விரல் காயத்தைவிட அதுவே பெரிய ஆபத்து. எடை ஏறாத குட்டி, பால் சரியாகக் குடிக்காத குட்டி இருந்தால் அதை நிச்சயமாகத் தொடக் கூடாது.

வீட்டிலேயே நகவெட்டியை வைத்துச் செய்துகொள்பவர்களும் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அனுபவம் இருக்கிறது, அப்பா காலத்திலிருந்து செய்கிறோம் என்பார்கள். என் கருத்தில் இது கூடவே கூடாது. மரப்பு மருந்து இல்லை, இரத்தம் நிற்காவிட்டால் செய்ய வழியில்லை, எலும்பின் அடி மிச்சமிருக்கிறதா என்று பார்க்கத் தேர்ந்த கண் இல்லை.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. பிரிட்டனில் 1966ஆம் ஆண்டின் கால்நடை மருத்துவர் சட்டம், குட்டியின் கண் திறப்பதற்கு முன்பு டியூ க்ளாவை எடுக்க 18 வயது நிறைந்த எவருக்கும் அனுமதி தருகிறது. கண் திறப்பது பத்து முதல் பதினாலு நாளில். ஜெர்மனியின் விலங்கு நலச் சட்டம் உறுப்பு நீக்கத்தைப் பொதுவாகவே தடைசெய்து, வேட்டைக்குப் பயன்படப்போகிற நாய்களுக்கு, தேவை தவிர்க்கமுடியாததாக இருந்தால், ஒவ்வொரு நேர்விலும் தனித்தனியாகப் பார்த்து மட்டும் விலக்கு தருகிறது. ஐரோப்பிய நாடுகள் 1987ல் செய்துகொண்ட செல்லப்பிராணிகள் பாதுகாப்பு உடன்படிக்கை, வால் நறுக்குவது, காது வெட்டுவது, நகம் பிடுங்குவது போன்ற, சிகிச்சைக்காக அல்லாத அறுவைகளைக் கூடாது என்கிறது. விலங்கின் நன்மைக்காக மருத்துவர் தேவை என்று கருதினால் விதிவிலக்கு உண்டு. அமெரிக்காவில் நாடு முழுமைக்குமான தடை ஏதும் இல்லை.

கண்காட்சிக்கான இனத் தரவிதிகளும் அழுத்தம் தருகின்றன. நாயினங்களைப் பதிவுசெய்யும் அமைப்பான அமெரிக்கக் கென்னல் கிளப்பின் தரவிதியில் வைமரானர் என்ற இனத்துக்கு டியூ க்ளா எடுக்கப்பட வேண்டும் என்று இருக்கிறது. விஸ்லா என்ற இனத்துக்கு எடுக்குமாறு வலுவாகப் பரிந்துரைக்கிறார்கள். ஷார்ட்ஹேர்டு பாயிண்டருக்கு எடுக்கலாம் என்று மட்டுமே இருக்கிறது. கோல்டன் ரிட்ரீவருக்கோ, எடுக்கலாம், ஆனால் வழக்கமாக விட்டுவிடப்படும் என்று எழுதியிருக்கிறார்கள். நான்குமே பறவை வேட்டைக்குப் போன நாய்கள்தான். ஒரே வேலைக்குப் போகும் நாய்களுக்கு இப்படி வெவ்வேறு விதி இருப்பதைப் பார்த்தால், இதில் எவ்வளவு தேவை, எவ்வளவு பழக்கம் என்று நீங்களே ஊகிக்கலாம். காட்டில் காயப்படும் என்பதுதான் காரணமென்றால் கோல்டனும் அதே காட்டில்தானே ஓடுகிறது? அதன் கால் முடி சற்று நீளம் என்பது மட்டும் இந்த வேறுபாட்டுக்குப் போதுமான பதில் இல்லை.

சரி, முடிவெடுக்க வேண்டியவர் என்ன செய்யலாம்?

குட்டி பிறந்த முதல் நாளே நாலு காலையும் மெல்லத் தடவிப் பாருங்கள், அல்லது மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். முன்னங்காலில் விரல் காலோடு ஒட்டி, உறுதியாக, மற்ற விரல்களைப்போலவே அசைவில் கட்டுப்பாட்டோடு இருந்தால் விட்டுவிடுங்கள். என் முடிவு அதுதான், அதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஓடித் திரும்புவதற்கென்றே பிறந்த நாயின் காலிலிருந்து, திரும்பும்போது தாங்கும் உறுப்பை எடுப்பதற்கு வலுவான காரணம் வேண்டும். எப்போதோ கிழியலாம் என்பது அந்த அளவுக்கு வலுவான காரணம் அல்ல.

முன்னங்கால் விரல் வழக்கத்துக்கு மாறாக வெளியே துருத்திக்கொண்டு, தோலில் மட்டும் ஒட்டியிருந்தால் கதை மாறும். சில குட்டிகள் அப்படிப் பிறப்பது உண்டு. அதோடு அந்த ஈற்றின் தாயும் அதன் உடன்பிறப்புகளும் அதே விரலில் திரும்பத் திரும்பக் காயப்பட்டிருந்தால், அந்தப் பரம்பரைக்கு விரலின் அமைப்பிலேயே குறை இருக்கலாம். அப்போது எடுப்பதை நான் குறை சொல்லமாட்டேன்.

பின்னங்காலில் எலும்பு இல்லாமல் தொங்கும் விரல் இருந்து, குட்டி அடர்ந்த புதரில் வேலை செய்யப்போகிறது என்பது ஓரளவு உறுதியென்றால், எடுப்பதே நல்லது. அதையும் மூன்றாம் நாளே செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஐந்து நாள் தாண்டிவிட்டால் அவசரப்பட்டு இரண்டாம் வாரத்தில் செய்வதுதான் தவறு. சில மாதம் கழித்துக் கருத்தடை அறுவைக்கு எப்படியும் மயக்கம் கொடுப்பார்கள். அதே மயக்கத்தில் வலி தெரியாமல் இதையும் முடித்துக்கொள்ளலாம். அதற்குள் அந்த நாய் எங்கே, யாரோடு, எப்படி வாழப்போகிறது என்பதும் தெளிந்திருக்கும். தோலில் மட்டும் தொங்கும் விரல் என்றால் பெரிய நாய்க்கும் அது சிறிய அறுவைதான்.

வளர்ப்பவர்களுக்கு ஒரு யோசனை. உங்களிடம் குட்டி கேட்டிருப்பவர்களிடம் தாய்நாய் ஈனுவதற்கு முன்பே இதைப் பேசிவிடுங்கள். எத்தனை பேர் வேட்டைக்குக் கொண்டுபோகிறார்கள், எந்த மாதிரி நிலத்தில், எத்தனை பேர் வீட்டு நாயாக வளர்க்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் வேட்டை நாய் இனங்களைச் சேர்ந்த பல நாய்கள் ஒரு நாளும் வேட்டைக்குப் போகாமலே வாழ்ந்து முடிகின்றன.

விரலை விட்டுவைப்பவர் ஒரு கடமையையும் சேர்த்து ஏற்றுக்கொள்கிறார். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை அந்த நகத்தை வெட்ட வேண்டும். மற்ற நகங்கள் தானாகத் தேய்ந்தாலும் இது தேயாது என்பதை மறக்கக் கூடாது. குட்டி மூன்று வாரம் ஆனதிலிருந்தே கால்விரல்களைத் தொட்டு, அழுத்திப் பழக்குங்கள். அப்போது தொடங்கினால் வளர்ந்த பிறகு மல்லுக்கட்ட வேண்டியிருக்காது. வெள்ளை நகத்தில் உள்ளே ஓடும் சதை இளஞ்சிவப்பாகத் தெரியும், அதற்குச் சற்று முன்னால் நிறுத்த வேண்டும். கறுப்பு நகத்தில் தெரியாது. துளித்துளியாகச் சீவிக்கொண்டே வந்து, வெட்டிய முகத்தின் நடுவில் சிறு கரும்புள்ளி தெரிந்ததும் நிறுத்திவிடலாம். தவறிப்போய் இரத்தம் வந்தால் சோளமாவை வைத்து ஒன்றிரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். நெடுநாள் வெட்டாத நகமென்றால் உள்சதையும் நீண்டிருக்கும். ஒரே நாளில் குட்டையாக்க முயலாமல், வாரம் ஒருமுறை நுனியை மட்டும் எடுத்துவந்தால் சதை மெல்லப் பின்வாங்கும்.

வேட்டைக்காலம் தொடங்குவதற்கு முன்பு நகத்தை ஒட்ட வெட்டி, ஓரத்தை அரத்தால் மழுக்கிவிடுவது நல்ல பழக்கம். கடினமான நிலத்துக்குப் போகும் நாளில், தன்னோடு தானே ஒட்டும் கட்டுத்துணியை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி விரலைக் காலோடு சேர்த்துக் கட்டுபவர்களும் உண்டு. இறுக்கமாகச் சுற்றினால் இரத்த ஓட்டம் நின்றுவிடும். ஒரு விரல் உள்ளே நுழையும் அளவு தளர்வு வேண்டும். ஓட்டம் முடிந்த கையோடு அவிழ்த்துவிட வேண்டும்.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் விரட்டவும், ராஜபாளையமும் கோம்பையும் காட்டுப்பன்றியை எதிர்க்கவும் வளர்க்கப்பட்ட நாய்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்த வேட்டை குற்றம். இன்று அவை தோட்டத்தையும் வீட்டையும் காக்கின்றன. வேட்டையில் கிழியும் என்று சொல்லப்படும் காரணமும் இங்கே இல்லாமல் போகிறது. விலங்கை ஊனப்படுத்துவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்லிவைக்கிறேன். நாய்க்குட்டி வாங்கப் போகிறவர்கள் நகத்தை எண்ணிப் பார்த்து ராசி பார்ப்பது நம்மிடம் உண்டு. எண்ணிக்கை சரிவர வேண்டும் என்பதற்காக விரலை எடுப்பது எந்த விதத்திலும் ஏற்கத்தக்கதல்ல. பின்னங்காலில் கூடுதல் விரலோடு பிறந்த குட்டி, நகத்தை வெட்டிக்கொண்டே இருந்தால் நம் வீட்டு வாசலிலும் தோட்டத்திலும் நிம்மதியாக வாழ்ந்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருநாள் நகம் கிழிந்துவிட்டால் என்ன செய்வது? முதலில் நாயின் வாயைக் கவனியுங்கள். எவ்வளவு சாதுவான நாயும் அந்த வலியில் கடிக்கும். துணியால் வாயை மெல்லக் கட்டிக்கொள்ளுங்கள், மூச்சு விடத் திணறினால் உடனே அவிழ்த்துவிடுங்கள். சுத்தமான துணியை வைத்து ஐந்து நிமிடம் இடைவிடாமல் அழுத்திப் பிடியுங்கள். எடுத்து எடுத்துப் பார்த்தால் இரத்தம் நிற்காது. தொங்கும் நகத்தை நீங்களாகப் பிடுங்க வேண்டாம். விரலோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அவர் மரப்பு ஊசியோ லேசான மயக்கமோ கொடுத்து, உடைந்த நகத்தை மட்டும் நீக்கிக் கட்டுப்போடுவார். மனிதர்களுக்கான வலிமாத்திரையைக் கொடுக்காதீர்கள், பாராசிட்டமாலும் ஐபுப்ரூஃபனும் நாய்க்கு நஞ்சாகலாம். விரல் அப்படியே இருக்கும். நகம் சில மாதங்களில் திரும்ப வளரும்.